பட்டன் தேயாத டயர்: 1972 ஃபோர்டு எஃப்-100க்குப் புது டயர் தேர்ந்தெடுத்த கதை

டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி, ‘டாட்’ என்ற எழுத்துகளோடு ஒரு வரி தொடங்கும். அந்த வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3211 என்றிருந்தால் 2011ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் அச்சிலிருந்து வெளியே வந்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைகூடப் போகக் கூடாது.

டெக்சாஸில் நான் ஓட்டும் 1972 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பை வாங்கியபோது அதிலிருந்த டயர்களின் எண் அந்த 3211தான். நின்று பார்த்தால் தேதியே கண்ணில் படாது. முழு எண்ணை ஒரு பக்கச் சுவரில் போட்டால் போதும் என்று விதி இருப்பதால், மாட்டும்போது பல டயர்களில் தேதி உள்பக்கமாகப் போய்விடுகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சேற்றைத் துணியால் துடைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. மற்றபடி டயர்கள் பார்வைக்கு அருமை: பட்டன் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம், பாலிஷ் போட்டுக் கருகருவென்று. உடன் வந்திருந்த கோயம்புத்தூர் நண்பர் லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். குனிந்து பட்டனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “புதுசாட்டம் இருக்குதுங்களே, இதை எதுக்குங்க மாத்தோணும்?” என்றார். டார்ச்சை அவரிடம் கொடுத்து, பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தின் அடியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பள்ளத்தைக் கொஞ்சம் விரித்தால், அடியில் முடி கனத்தில் வெடிப்புகள், சுற்று முழுக்க. “அப்ப ஸ்டெப்னியையும் பாத்துருவோம்ங்க” என்று அவரே எழுந்து பின்னால் போனார். பெட்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு நைலான் டயர், மூன்று இலக்க எண்ணோடு.

லாரிக்காரருக்குப் பட்டன்தான் கணக்கு, அது நியாயமும்கூட. ஓயாமல் ஓடும் வண்டியில் ரப்பர் கிழடாவதற்கு முன் பட்டன் தீர்ந்துவிடும். பழைய பிக்கப்பின் கதை தலைகீழ். வாரக் கடைசியில் கொஞ்சம், மரச்சாமான் வாங்கப் போகும்போது கொஞ்சம் என்று ஓடும் வண்டியில் பட்டன் தீரவே தீராது. ஆனால் டயருக்குள் அடைத்த காற்றிலிருக்கும் ஆக்சிஜன் இரவும் பகலும் ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியே இரண்டு ஸ்டீல் பெல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பிணைத்திருக்கும் மெல்லிய ரப்பர் படலம் இந்த ஆக்சிஜனால் இறுகி, நெகிழ்ச்சி இழந்து, பெல்ட்டின் விளிம்பில் விரிசல் விடும். அந்த விரிசல் வெளியே தெரியாது. நெடுஞ்சாலையில் வேகமும் சூடும் ஏறும் ஒரு மதியத்தில் பட்டன் பகுதி மொத்தமாக உரிந்து பறக்கும். பள்ளத்தின் அடியில் நாங்கள் பார்த்த வெடிப்பு ஒரு எச்சரிக்கை. வெடிப்பே இல்லாத பழைய டயரும் உள்ளே இற்றிருக்கலாம்.

வெயில் இதை விரைவுபடுத்துகிறது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வருகிறது. அந்த நிறுவனத்தில் காப்பீடு எடுத்தவர்களில் 27 சதவீதம் பேர்தான் டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெயில் மாநிலங்களில் இருந்தார்கள். டயர் தொடர்பாக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்துதான். அவற்றிலும் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். பல வாகன நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல, எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்து ஆண்டு கடைசி எல்லை என்கின்றன. 2013இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் வேகம்தான் முதல் காரணம் என்றாலும், அந்த போர்ஷே காரின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. டெக்சாஸ் வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு ஆண்டு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெப்னிக்கும் அதே கெடுதான்.

வயதுக்கு அடுத்தது எடை. இங்கேதான் பழைய பிக்கப்காரர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். அழகைப் பார்த்தும் ‘பொருந்துமா’ என்று மட்டும் கேட்டும் டயர் வாங்குகிறார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று கேட்பதில்லை.

இந்த எஃப்-100 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அளவு ஜி78-15. அந்தக் காலக் குறியீட்டில் முதல் எழுத்து சுமை தாங்கும் தரம், 78 என்பது அகலத்துக்கு டயர்ச் சுவரின் உயர விகிதம், 15 ரிம்மின் அங்குல விட்டம். இன்றைய கணக்கில் அதற்கு மிக நெருக்கமானது பி215/75ஆர்15. ஓட்டுநர் கதவு விளிம்பிலிருக்கும் தகட்டில் வண்டியின் மொத்த எடை உச்சவரம்பு 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ என்று இருக்கிறது. நெடுஞ்சாலையோர டிரக் நிலையங்களில் லாரிகளை எடை போடும் மேடைகள் உண்டு. சில டாலர் கொடுத்தால் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடைச் சீட்டு தருவார்கள். காலி வண்டியை ஏற்றினேன். முன்னால் 971 கிலோ, பின்னால் 689. மொத்தம் 1,660. தகடு அனுமதிக்கும் மிச்சம் 608 கிலோ, ஆட்களையும் சேர்த்து.

அந்த 608 கிலோவும் அப்படியே பின் அச்சின் தலையில் விழுகிறது என்று மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம். பின்னால் 1,297 கிலோ. ஒரு டயருக்கு 649. இனி டயரைப் பார்ப்போம். பி215/75ஆர்15 டயரில் 100எஸ் என்றிருக்கும். 100 என்ற சுமைக் குறியீட்டுக்கு 800 கிலோ. ஆனால் முழு 800ஐயும் எடுத்துக்கொள்ள முடியாது. ‘பி’ என்று தொடங்குவது கார் டயர். கார் டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் தாங்கு திறனை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. பிக்கப்பின் உயரமும், சுமை ஒருபக்கம் சாயும் வழக்கமும் டயரை அதிகம் வருத்தும் என்பதால் வைத்த கழிவு அது. வகுத்தால் 727 கிலோ. நமக்குத் தேவை 649. கைவசம் 78 கிலோ.

இதே கணக்கை, பழைய வண்டிக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கும் வெள்ளை எழுத்து டயருக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎஃப்குட்ரிச் ரேடியல் டி/ஏ பார்க்க அவ்வளவு அழகு. எழுபதுகளின் வண்டிக்கென்றே பிறந்தது போலிருக்கும். அதில் பி215/70ஆர்15 அளவின் குறியீடு 97, அதாவது 730 கிலோ. 1.1ஆல் வகுத்தால் 663. தேவை 649. தாங்கிவிடும், ஆனால் இடைவெளி 14 கிலோதான். ஒரு பக்கமாகச் சாய்ந்த செங்கல் லோடோ, கொஞ்சம் குறைந்த காற்றோ அதை விழுங்கிவிடும். கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கும் போகிற வண்டிக்கு அது நல்ல டயர். பெட்டியில் சுமை ஏற்றுகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

“கார் டயரே எதற்கு, லாரி டயர் வகையில் எல்டி போட்டால் கவலையே இல்லையே” என்று கேட்பார்கள். எல்டி235/75ஆர்15, ‘சி’ தரம், குறியீடு 104, தாங்கு திறன் 900 கிலோ. கழிவு எதுவும் போட வேண்டியதில்லை. உண்மைதான், ஆனால் அந்த 900 கிலோ 50 பிஎஸ்ஐ காற்றில்தான். கார் டயருக்கு வைக்கிற 35 பிஎஸ்ஐ வைத்தால் தாங்கு திறன் 700 கிலோ அளவுக்கு இறங்கிவிடும்; கழிவு போட்ட கார் டயரைவிடக் குறைவு. கனமான டயர் வாங்கி, அதில் கார் காற்று அடித்துவிட்டு, பலமான டயர் மாட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் லோடு ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரி, 50 வைத்தால்? காலி பெட்டியோடு அந்தப் பின்பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு, மழையில் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும்.

நண்பர் ஒருவரின் அதே தலைமுறை எஃப்-100இல் இந்த எல்டி டயர்கள் இருக்கின்றன. அதை இரவல் வாங்கி நன்றாகவே ஓட்டிப் பார்த்தேன். கல் சாலையிலும், பெட்டி நிறைய மண் ஏற்றிய நிலையிலும் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாறை மாதிரி நிற்கிறது. சுமை இறங்கியதும் அதே குணம் தொந்தரவாகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்பதால் நிறுத்துமிடத்தில் திருப்புவதற்குத் தோள் வலிக்கிறது. வாரம் முழுக்க பண்ணை வேலைக்குப் போகும் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். என்னுடையது அந்த வண்டி இல்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது: ரிம் அகலம். எங்கள் வண்டியின் பழைய இரும்பு டிஸ்க்கின் அகலம் 5.5 அங்குலம். 235/75ஆர்15 அளவுக்குக் குறைந்தபட்சம் 6 அங்குலம் வேண்டும். 215/75ஆர்15 டயரோ 5.5 அங்குலத்தையே ஏற்கும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் மாட்டிவிடலாம், ஓடவும் செய்யும். ஆனால் டயரின் தோள் உள்வாங்கி, பக்கச் சுவர் பிதுங்கி, திருப்பத்தில் வண்டி ஆடும். விட்டமும் மாறுகிறது. 215 டயரின் விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம், 235இன் விட்டம் 733. ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 62.5 மைலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். முன்பக்கமும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள வண்டிக்கு அந்த இரண்டரை மைலும் சின்ன விஷயமில்லை. அகல டயர்தான் வேண்டும் என்பவர்கள் 15க்கு 7 டிஸ்க் புதிதாக வாங்கிக்கொண்டு பிறகு யோசிக்கட்டும்.

இங்கே நம்மூர் வாசகருக்கு ஒரு செய்தி. 215/75ஆர்15 என்பது மஹிந்திரா பொலேரோவில் வரும் அளவு. ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம் என்ற அமைப்பும் பழைய ஜீப்புக்கும் பொலேரோவுக்கும் இந்த ஃபோர்டுக்கும் ஒன்றே. 6.00-16 நைலான் டயரில் ஓடும் பழைய ஜீப்பைப் பொலேரோ டிஸ்க்குக்கு மாற்றுகிறவர்களும் இதே எடைக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க் பொருந்துகிறது என்பது பாதி விடைதான்.

பழைய தோற்றம் அப்படியே வேண்டும் என்பவர்களுக்காக, டென்னசியில் 1958இல் தொடங்கிய கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள் அன்றைய அச்சிலேயே நைலான் டயர்களைப் புதிதாக வார்த்துத் தருகின்றன. வெளியே நைலான் முகம், உள்ளே ரேடியல் உடம்பு என்ற வகையும் உண்டு. விலை சாதா ரேடியலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். புதிதாக வார்த்த நைலான் டயர் போட்ட இன்னொரு எஃப்-100ஐ ஓட்டிப் பார்த்தேன். எந்த நிறுவனத்துடையது என்பது முக்கியமில்லை, இது அந்த வகைக்கே உரிய குணம். காலையில் முதல் சில மைல் தடதடவென்று தட்டிக்கொண்டே போகும். இரவு முழுக்க நின்றதில் தரையில் பட்ட இடம் தட்டையாகியிருப்பதால் அப்படி. சூடேறினால் சரியாகிவிடும். கான்கிரீட் சாலையில் நீளவாக்கில் ஓடும் கோடுகளை டயர் பிடித்துக்கொண்டு, வண்டி அந்தக் கோட்டின் போக்கில் இழுக்கும். நைலான் டயரில் பட்டனும் பக்கச் சுவரும் ஒரே உடம்பு. சுவர் மடங்கினால் பட்டனும் சேர்ந்து சாயும். ரேடியலில் சுவர் தனியாக மடங்கிக்கொள்ள, பெல்ட் கட்டிய பட்டன் தரையில் தட்டையாக நிற்கும். அமெரிக்கக் கார்களில் ரேடியலோடு முதன்முதலில் வெளிவந்தது 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3. அதாவது எங்கள் வண்டி பிறந்தபோதே ரேடியல் வந்துவிட்டது, பிக்கப்புக்குத்தான் வந்து சேரவில்லை. அந்தத் தடதடப்பிலும் ஒரு பழங்கால இன்பம் இருப்பதாகச் சொல்கிறவர்களை மதிக்கிறேன். 70 மைல் வேகத்தில் மழையில் பக்கத்து லாரி தண்ணீரை வாரி அடிக்கும்போது அந்த இன்பம் எனக்குத் தேவையில்லை. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. வண்டி எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது.

கடைசியில் நான் வாங்கியது ஹான்கூக் கினர்ஜி எஸ்டி, 215/75ஆர்15, மெல்லிய வெள்ளை வளையத்தோடு. ஐந்து வாங்கினேன், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. வெள்ளை வளையம் அந்தக் கால வண்டியின் முகத்தைக் கெடுக்கவில்லை. சக்கர மூடிகளைத் திரும்ப மாட்டி நிறுத்தியபோது வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது.

மாட்டுவதற்கு முன் டிஸ்க்குகளைக் கவனித்தது டயரைக் கவனித்ததைவிட நேரம் பிடித்தது. அரை நூற்றாண்டு பழைய இரும்பு அது. கம்பி பிரஷ் போட்டுத் துருவையும் பழைய பெயின்ட்டையும் நீக்கிவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றியும் நடுத்தட்டு ரிம்மோடு சேரும் வெல்டிங் வரியிலும் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு டிஸ்க்கில் துளை ஒன்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. யாரோ எப்போதோ நட்டு தளர்ந்தபடியே ஓட்டியிருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டேன். அடுத்தது ரிம்மின் உள்பக்கத்தில், டயரின் பீட் (ரிம்மைக் கவ்வும் விளிம்பு) உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே, சுற்றிலும் ஒரு மேடு இருக்கிறதா என்பது. காற்று குறைந்த நேரத்தில் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து உள்ளே நழுவிவிடாமல் பிடிப்பது அந்த மேடுதான். மிகப் பழைய ரிம்களில் அது இருக்காது. இல்லையென்றால் ட்யூப் இல்லாத ரேடியலை அதில் மாட்டுவதைவிட டிஸ்க்கை மாற்றுவதே நல்லது.

இந்த இடத்தில் உயிரை வாங்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பழைய அமெரிக்க டிரக்குகளில் வந்த, இரண்டு துண்டாகப் பிரியும் ரிம்கள். குறிப்பாக ஃபயர்ஸ்டோனின் ஆர்எச்-5 வகை. இரண்டு பாதியும் நடுவில் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். துரு ஏறிய ரிம்மில் காற்று அடிக்கும்போது பிடி விட்டால் பாதி ரிம் பீரங்கிக் குண்டாகப் பாயும். விதவையாக்கி என்றே அதற்குப் பெயர். பல துண்டு ரிம்களில் வேலை செய்வதற்கு 1980இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை கூண்டு உட்பட்ட தனி விதிகளைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான கடைகள் அதைத் தொடவே மறுக்கின்றன, மறுப்பது சரி.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது சாதாரண டிஸ்க் மாதிரியே இருக்கும். இதே ஆண்டுகளின் எஃப்-250இல் 8.00-16.5 என்ற அளவு வந்தது. பதினாறரை அங்குலம். அந்த அளவில் டயர் கிடைப்பது இப்போது அரிது. பதினாறு அங்குல டயர் எங்கும் கிடைக்கும். அரை அங்குல வித்தியாசம்தானே என்று 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்றினால் ஏறிவிடும், அதுதான் கொடுமை. பதினாறரை ரிம்மில் பீட் உட்காரும் தளம் 15 பாகை சாய்ந்தது. பதினாறு டயரின் பீட் 5 பாகைக்குச் செய்தது. அது எத்தனை காற்று அடித்தாலும் இடத்தில் உட்காராது. உட்காரவில்லையே என்று இன்னும் காற்று ஏற்றுவார்கள். ஒரு கட்டத்தில் பீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும், எதிரே குனிந்திருப்பவரின் முகத்தில். டயர் மாட்டும் பலர் இப்படி இறந்திருக்கிறார்கள். 16 அங்குல டயர்களின் பக்கச் சுவரிலேயே இந்த எச்சரிக்கையை அச்சடித்திருக்கிறார்கள். பழைய எஃப்-250 வாங்குகிறவர் முதல் வேலையாக அந்த டிஸ்க்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு 16 அங்குலத்துக்கு மாறிவிட வேண்டும். விற்கவும் கூடாது, அடுத்தவர் வீட்டுக்கு அந்த ஆபத்து போய்ச் சேரும்.

கடையில் டயரை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஐந்தின் தேதி எண்ணையும் காட்டச் சொன்னேன். தயக்கமில்லாமல் காட்டினார்கள்; ஐந்தும் அந்த ஆண்டு டயர்கள். தள்ளுபடி என்று கிடங்கில் மூன்று நான்கு ஆண்டு கிடந்த டயரைக் கொடுத்தால், நம் ஆறு ஆண்டுக் கணக்கில் பாதியாவது அங்கேயே போய்விடுகிறது. தேதி இருக்கும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொன்னேன். வெள்ளை வளையம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் பல டயர்களில் இரண்டும் ஒரே பக்கம் அமையும். ரப்பர் வால்வுக்குப் பதில் உலோக வால்வு போட்டேன். காரணம் கீழே வருகிறது. நட்டுகளை ஒரு ஐம்பது மைல் ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவது கட்டாயம். புதிதாகப் பெயின்ட் அடித்த டிஸ்க் என்றால் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும்.

அலைன்மென்ட்டை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். 1965இல் ஃபோர்டு கொண்டுவந்த ட்வின்-ஐ-பீம் முன் அச்சில் சக்கரம் ஏறி இறங்கும்போதே அதன் சாய்வும் மாறும். ஸ்பிரிங் தொய்ந்த வண்டியில் புது டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். அதோடு, நைலான் டயருக்கு என்று வைத்த டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும்) அளவு ரேடியலுக்கு அதிகம். பழைய கையேட்டு எண்ணை அப்படியே வைக்காமல், ரேடியலுக்கு ஏற்ப டோ-இன்னைக் குறைத்து வைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுக்க வேண்டும். இந்த அச்சைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஓட்டிப் பார்த்தால் வண்டி மாறித்தான் போயிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை இடைவிடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருத்திக்கொண்டே இருந்த வேலை நின்றுவிட்டது. கை சும்மா இருக்கிறது. ஈரச் சாலையில், யாரும் இல்லாத இடத்தில், டிரம் பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தேன். பின்பக்கம் முன்பு சட்டென்று பூட்டிக்கொண்டு விலகும். இப்போது பூட்டுவதற்கு முன் காலுக்குத் தெரிகிறது, நேர்க்கோட்டிலேயே நிற்கிறது. டிரம் பிரேக் டிஸ்க் பிரேக்காகிவிடவில்லை. மழையில் முன்னால் போகிற வண்டிக்கு விடும் இடைவெளியை நான் குறைக்கவில்லை. பெட்டியில் அனுமதித்த சுமை முழுவதும் ஏற்றி, ஆகஸ்ட் வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்தி, நான்கு டயரையும் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிந்தது, நான்கும் ஒரே சூடு. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே காற்றோ பிரேக்கோ பேரிங்கோ சரியில்லை என்று அர்த்தம்.

காற்றைப் பற்றி இந்த வண்டிக்காரர்கள் மறக்கக் கூடாத ஒரு வரலாறு இருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த அந்த டயர்களின் அளவு பி235/75ஆர்15, பழைய பிக்கப்புகளில் இன்று பலரும் மாட்டும் அதே அளவு. பட்டன் உரிந்து, வண்டி உருண்டு, 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்ன காற்று 26 பிஎஸ்ஐ. டயரின் குறைபாடும், குறைந்த காற்றும், சுமையும், தென்மாநில வெயிலும் ஒன்றுசேர்ந்த இடத்தில் டயர்கள் உரிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ‘ட்ரெட்’ சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் 2007 செப்டம்பருக்குப் பின் வந்த எல்லாப் புதுக் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் காற்றழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும் கருவி கட்டாயமானது.

1972 வண்டியில் அந்த விளக்கு கிடையாது. அதனால் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார்கள் நான்கும், டாஷ்போர்டில் வைக்கும் சின்னத் திரையும் வாங்கினேன். ஒவ்வொரு சக்கரத்தின் காற்றும் சூடும் ஓடும்போதே தெரிகிறது. சென்சாரின் எடையில் ரப்பர் வால்வு வேகத்தில் வளைந்து வெடிக்கும் என்பதால்தான் உலோக வால்வு. காலையில் 32 இருந்த டயர் மதியத் தார்ச் சாலையில் 37 காட்டுகிறது. சூட்டில் ஏறியதைத் திறந்து விடக் கூடாது. அடுத்த நாள் காலை அது 27ஆகி நிற்கும். அளப்பதும் அடிப்பதும் எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுவதற்கு முன்பு.

எடைச் சீட்டை வைத்து நான் முடிவு செய்தது: காலியாக ஓடும்போது முன்னால் 32, பின்னால் 30 பிஎஸ்ஐ, பெட்டியில் சுமை ஏறினால் பின்னால் 35. ஸ்டெப்னியில் எப்போதும் 35, ஏனென்றால் அது எந்த மூலைக்குப் போகப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. இந்த எண்களை, டயர்களின் தேதி எண்ணோடு சேர்த்து, சன் வைசரின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வண்டியை இரவல் வாங்குகிறவர்கள் படித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.